சிவப்புப் பெட்டிச் சாமான்

லிங்கசாமியின் ஆஸ்டின் கார் பகலெல்லாம் சொன்னபடி கேட்கும். அவிநாசிபாளையம் தாண்டி வரும் மேட்டில் ஆட்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட மூச்சு வாங்காது. விடிகாலையில்தான் அதற்குப் பிடிவாதம். ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி. முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவான். இன்ஜின் உள்ளே புரளும் சத்தம் கேட்கும். பிடிக்காது. மறுபடி சுற்றுவான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பனியில் வேர்க்கிற ஒரே ஆள் நெருப்பெரிச்சல் ஊரிலேயே அவன்தான்.

"புடிச்சுதுங்களா?" என்று அடுப்படியிலிருந்து ராமாத்தாள் கேட்டாள்.

"புடிச்சா உனக்குக் கேக்காதா?"

"கேக்காததனாலதானுங்க கேக்கறேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரம் இல்லை. வெளியூர்ப் பார்ட்டி வரும் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்திருக்கும். பனியன் கம்பெனி முதலாளி ஞானசம்பந்தம், தன்னிடம் சரக்கெடுக்க வருகிறவர்களை அழைத்து வர லிங்கசாமியின் காரை மாதக்கணக்கில் பேசி வைத்திருந்தார். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் வீடு நடந்தது. மற்ற வாடகையெல்லாம் முகூர்த்தம் பார்த்து வருகிறவை. மார்கழி பிறந்துவிட்டால் கோழி ஏறி உட்காரத்தான் கார் உதவும்.

பானெட்டைத் தூக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். உள்ளே எதிரெதிராக இரண்டு உலோகப் பொட்டுகள், ஒவ்வொன்றும் உளுந்தளவு. அதைத்தான் பாயிண்ட் என்பார்கள். இரண்டும் தொட்டுத் தொட்டு விலகும்போதுதான் பிளக்கில் நெருப்பு வரும். தொடுகிற இடம் சுத்தமில்லாவிட்டால் பயில்வானே வந்து சுற்றினாலும் கார் நகராது. அன்றைக்கும் பொட்டுகளின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிறிய ஆடை படிந்திருந்தது. உப்புத்தாளைக் கிழித்து நடுவில் விட்டுத் தேய்த்தான், வாயால் ஊதினான், மூடியைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அவன் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது பார்ட்டி இல்லை. கார் ஸ்டாண்டில் இருந்த இன்னொரு டிரைவர் தங்கவேலு ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகப் போர்ட்டர் சொன்னான்.

கம்பெனி வாசலில் ஞானசம்பந்தம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் லிங்கசாமிக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஏப்பா லிங்கசாமி, சேட்டு பனியில நின்னு தும்மிக்கிட்டே வாராரு. வந்ததும் வராததுமா எங்கிட்டக் கேக்கறாரு, உங்க காரே நேரத்துக்கு வராது, சரக்கு நேரத்துக்கு வருமான்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"தப்புதானுங்க. பனிக்குப் புடிக்க மாட்டேங்குதுங்க. பாத்துப் போடறேனுங்க."

"பாரு. இன்னொருக்கா ஆச்சுன்னா தங்கவேலு வண்டியவே பேசிப் போடுவேன். அப்பறம் நீ வெசனப்படக் கூடாது."

லிங்கசாமி வெசனப்படுவதற்கென்றே பிறந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். கார் நின்றால் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பான். நாம் எதைச் சரியாக முடுக்கவில்லை, எதை மறந்தோம் என்று யோசிப்பான். அதனால்தான் இந்த வயதில், கல்யாணமாகிப் பெண் குழந்தையும் பிறந்த பிறகு, டவுனில் டிரைவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தான். அங்கே வாத்தியார் முதல் நாளே ஒன்றைச் சொல்லியிருந்தார். கோளாறு எங்கே என்று தெரியாதபோது ஒரு தடவைக்கு ஒரு சாமானைத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒட்டுக்கா மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. லிங்கசாமிக்கு அது வேதமாகிவிட்டது.

அந்த வேதப்படி அவன் எல்லாவற்றையும் பார்த்தான். பேட்டரியைக் கடையில் கொடுத்துச் சோதித்தான். பிளக்கை மாற்றினான். கண்டென்சரை மாற்றினான். சிநேகிதன் ஒருவனின் காரிலிருந்து காயில் என்கிற மின்சுருளை வாங்கி மாட்டிப் பார்த்தான். எதற்கும் விடிகாலைப் பிடிவாதம் மாறவில்லை. அதோடு ஒவ்வொரு நாள் சாயங்காலமும், வகுப்புக்குப் போகும் முன்பு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்டைத் துடைத்து வைத்தான். வாரம் ஒருமுறை துடைத்தால் போதும் என்றுதான் வாத்தியார் சொல்லியிருந்தார். லிங்கசாமிக்கு மனசு கேட்கவில்லை.

துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை. ராமாத்தாள் அந்த ஐப்பசியில்தான் நொய்யல் கரைப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பனியன் துணியை வெளுக்கிற பட்டறை. பிளீச்சிங் பவுடர் கரைத்த சிமெண்டுத் தொட்டியில் துணி ஊறும். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அப்புறம் இன்னொரு அலசல். பவுடர் போயிற்றா என்று தெரிந்துகொள்ள அங்கே பெண்களுக்கு ஒரே வழிதான்: துணியின் ஓரத்தை நாக்கு நுனியில் வைப்பார்கள். சுருக்கென்று கரித்தால் மறுபடி அலசுவார்கள். பகலெல்லாம் இப்படிப் பார்த்த நாக்குக்குப் பொழுது சாய்ந்தால் ருசி தெரியாது. குழம்பில் உப்புப் போதுமா என்று லிங்கசாமிதான் சொல்ல வேண்டும். கிழிசல் துண்டுகளை மேஸ்திரி தனியே வெயிலில் காயப் போடுவான். வேலைக்காரப் பெண்கள் எடுத்துக்கொள்ளலாம். ராமாத்தாள் அவற்றை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, மடித்து, கட்டாகக் கட்டிக் கொண்டுவருவாள்.

"பழைய வேட்டியில தொடைக்காதீங்க, அழுக்கு அப்பும். இதப் பாருங்க, பால் மாதிரி இருக்குது" என்று முதல் கட்டைக் கொடுத்தபோது சொன்னாள்.

லிங்கசாமிக்கு அதில் ஒரு பெருமை. ஸ்டாண்டில் மற்றவர்கள் எண்ணெய் ஊறிய கந்தலால் துடைக்கும்போது, அவன் வெள்ளைத் துண்டை எடுப்பான்.

மிஞ்சியது பாயிண்ட் ஒன்றுதான். அங்கேதான் சிக்கல். பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருசம் அது. சீமைச் சாமான் வருவது குறைந்து, பிறகு நின்றே போயிருந்தது. அவன் காரில் கிடந்த பழைய சீமைப் பாயிண்ட் ஐப்பசியில் தேய்ந்து போனபோது, மச்சான் ஆறுமுகசாமியின் கடையில்தான் உள்நாட்டுச் சாமான் வாங்கினான். எங்கோ வடக்கேயிருந்து சிவப்பு அட்டைப் பெட்டியில் வருவது. ஆறுமுகசாமி ராமாத்தாளின் அண்ணன். ஊத்துக்குளி ரோட்டில் சின்னதாக ஒரு ஸ்பேர் கடை. அவருக்குக் குழந்தை இல்லை. தங்கச்சி மகள் பழனாத்தாளைக் கடைக்குக் கொண்டுபோனால் கல்லாப்பெட்டி மேலேயே உட்கார வைத்துவிடுவார். தை மாசம் சிவன்மலையில் அவளுக்குக் காது குத்துவதென்று பேசியிருந்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அதற்காகப் பச்சைக்கல் தோடு செய்யச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருந்தார் ஆறுமுகசாமி.

முதல் பாயிண்ட் தகராறு செய்தபோது லிங்கசாமி போய்ச் சொன்னான். ஆறுமுகசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"ஆட படிஞ்சிருக்குது மாப்ளே. மித்தவிய யாரும் ஒண்ணுஞ் சொல்லலியே. உங்க காயில் பாத்தீங்களா?"

"பாத்துட்டனுங்க மச்சான்."

"அப்ப இதத் தூக்கி எறிஞ்சு போடுங்க. வேற கொண்டு போங்க."

இரண்டாவதும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதையும் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பெட்டியைப் பிரித்து, தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தங்கவேலு ஒரு நாள் ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொண்டுவந்தான்.

"என்ன லிங்கசாமி, உன்ற காரு இன்னைக்காச்சும் நேரத்துக்குப் பல்லு வெளக்குச்சா? எங்க, அந்தப் பாயிண்டக் கொண்டா. நெசச் சாமான்னா காந்தத்துல ஒட்டாது."

காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா! தகரம். மச்சான் தகரத்த உன்ற தலையில கட்டிப் போட்டாரு. கண்ணாலத்துல மோதிரம் போட்டாரே, அதயும் கொண்டா, வெச்சுப் பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டுவது பொட்டைத் தாங்கும் கையாக இருக்கலாம், கை எல்லாச் சாமானிலும் இரும்புதானே என்று லிங்கசாமிக்குத் தோன்றத்தான் செய்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சீமைப் பாயிண்ட் கையில் இல்லை. தோன்றியதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல நாளாகத் தன்னையே சந்தேகித்துக் களைத்துப் போயிருந்தவனுக்கு, குற்றம் வெளியே இருக்கிறது என்று யாரோ சொன்னது ஆறுதலாக இருந்தது.

மார்கழியில் ஒரு விடிகாலை கார் மறுபடி நின்றது. பிடித்தபோது பனி விலகி வெயிலே வந்துவிட்டது. கம்பெனி வாசலில் தங்கவேலுவின் கார் நின்றிருந்தது. ஞானசம்பந்தம் வெளியே வந்து, லிங்கசாமியின் தோளைத் தட்டினார்.

"சொல்லிப் போட்டுத்தான செஞ்சேன், லிங்கசாமி? காரை நல்லாப் பாத்துக்கிட்டு வா. பொறவு பாக்கலாம்."

அவன் நேராக ஊத்துக்குளி ரோட்டுக்குப் போனான்.

கடையில் வெள்ளகோவில் மணியன் நின்றிருந்தார். அவரும் ஒரு பழைய கார் வைத்திருப்பவர். அப்போதுதான் ஒரு சிவப்புப் பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். டிராக்டருக்கு எண்ணெய் வாங்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ளே. டீ சொல்லட்டுங்களா?" என்றார் ஆறுமுகசாமி.

லிங்கசாமி தன் பாயிண்ட் வந்த வெற்றுச் சிவப்புப் பெட்டியைக் கல்லாப்பெட்டி மேல் போட்டான். "மாசத்து வாடகை போச்சுங்க."

"ஐயோ. எப்ப?"

"இப்பத்தானுங்க. தங்கவேலுக்குக் குடுத்தாச்சு. எல்லாம் இந்தச் சாமானாலதானுங்க. டூப்ளிகேட் சாமான்."

பெஞ்சில் இருந்தவர்கள் டீக் கிளாஸைக் கீழே வைத்தார்கள். ஆறுமுகசாமி தாழ்ந்த குரலில், "மாப்ளே, உள்ள வாங்க. உக்காந்து பேசலாம்" என்றார்.

"உள்ள வந்து என்னத்துக்குங்க? ஸ்டாண்டுல காந்தத்துல வெச்சுப் பாத்து ஊரே சிரிக்குது. ஒறம்பரை, சொந்தம்னு நம்பித்தான வாங்குனேன்?"

"நான் தெரிஞ்சு கெட்ட சாமான் குடுப்பனுங்களா? பழனாத்தாளுக்கு வாற சோத்துல நான் மண்ணப் போடுவனா?"

அந்தப் பெயரைச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. லிங்கசாமிக்கு அதற்கு முன்பும் பின்பும் அப்படிப் பேச்சு வந்ததில்லை.

"சாமானே பொய்யின்னா, காது குத்தறப்ப உக்கார வெக்கற மடி மட்டும் நெசமா இருக்குமுங்களா?"

ஆறுமுகசாமி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. மணியன் பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்துச் சத்தமில்லாமல் பலகையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

"போங்க மாப்ளே" என்றார் ஆறுமுகசாமி, கடைசியில். "வெயில் ஏறிப் போச்சு. ஊட்டுக்குப் போயி ஒரு வாயி சாப்புட்டுப் படுங்க."

ராமாத்தாளிடம் லிங்கசாமி பாதியைத்தான் சொன்னான். மீதிப் பாதி பட்டறையில் வேலை செய்கிற பெண்களின் வாய் வழியாக அவளுக்கு வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் அரிசியும் பருப்பும் போட்ட சோறு. வட்டிலில் போட்டு அவன் முன்னால் வைத்தவள், உப்புச் சரியா என்று கேட்கவில்லை.

"மடியப் பத்தி அப்படிக் கேட்டீங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"சாமானப் பத்தி என்ன வேண்ணாலும் கேட்டிருக்கலாமுங்க. அது கடை. மடி கடையில வெச்சு விக்கறதா?"

"கோவத்துல வந்துருச்சு. தையில நானே போயிக் கூப்புட்டுக்கறேன்."

போனான். ஆறுமுகசாமி கடையில் இல்லை. கடை பூட்டியிருந்தது. பக்கத்து டயர்க் கடைக்காரர், அவர் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறார் என்றார். மறுபடி போனபோதும் பூட்டித்தான் இருந்தது. தாம்பூலத் தட்டை அவருடைய வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். அந்தம்மா தட்டை வாங்கிக்கொண்டு, தண்ணீர் மட்டும் கொடுத்தது.

சிவன்மலையில் அன்றைக்கு நல்ல காற்று. மண்டபத்தில் பாய் விரித்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து வைத்திருந்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பழனாத்தாள் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நேரம் நெருங்கியபோது கீழே இருந்து ஓர் ஆள் மேலேறி வந்தான், தலையில் கூடையோடு. ஆறுமுகசாமியின் கடைக்கு எதிரே சுமை தூக்குகிறவன். கூடையில் குறை எதுவும் இல்லை. பட்டுப் பாவாடை, பழம், தேங்காய், வெல்லம், சின்ன டப்பியில் பச்சைக்கல் தோடு. மாமன் சீர் முழுவதும் வந்துவிட்டது. மாமன் வரவில்லை.

"என்ன சொல்லி உட்டாரு?" என்று ராமாத்தாள் கேட்டாள்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. நேரத்துக்குப் போயிச் சேரோணும், புள்ளைக்கு நேரம் தப்பக் கூடாதுன்னாருங்க. அவ்வளவுதானுங்க."

பெரியவர்கள் கூடிப் பேசி, ராமாத்தாளின் சித்தப்பன் மகன் வெள்ளியங்கிரியை உட்காரச் சொன்னார்கள். அவனும் முறைக்கு மாமன்தான். ஆனால் குழந்தை அவனை இரண்டு மூன்று தடவைக்கு மேல் பார்த்ததில்லை. மடியில் வைத்ததுமே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். ஊசி பட்டபோது "மாமா" என்று அழுதாள். வெள்ளியங்கிரி, "நாந்தாங் கண்ணு மாமா, இங்க பாரு, நாந்தாங் கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. லிங்கசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காரைப் பார்த்து வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு மலையிறங்கினான்.

மாசி பிறந்தும் பனி விடவில்லை. வெள்ளகோவிலில் ஒரு சீர் வீட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். விருந்து முடியப் பொழுதாகிவிட்டது. காலையில் போகலாம் என்றார்கள். காரை வேலியோரம் நிறுத்தினான். வழக்கம்போலப் பாயிண்டைத் துடைக்க மூடியைத் திறந்தவன், துணிக்கட்டை வீட்டிலேயே விட்டு வந்திருப்பதைப் பார்த்தான். வேறு எதையாவது கேட்டு வாங்கக் கூச்சமாக இருந்தது. மூடியை அப்படியே மூடிவிட்டான். காலையில் எப்படியும் நிற்கத்தான் போகிறது, ஒரு நாள் துடைக்காவிட்டால் என்ன என்று நினைத்தான்.

விடிந்தபோது பானெட் மேல் பனி தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். பிடித்துக்கொண்டது.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றிப் பார்த்தான். அதே சிவப்புப் பெட்டிப் பாயிண்ட். பொட்டுகள் பளிச்சென்று இருந்தன.

அப்போது மணியன் அந்தப் பக்கமாக வந்தார். பக்கத்துத் தெருதான் அவருக்கு. "கடையில சத்தம் போட்டவியதான நீங்க?" என்று கேட்டுவிட்டு, வேலிக் கல்லில் உட்கார்ந்தார்.

"ஆமாங்க."

"உங்க மச்சான் இங்க வரைக்கும் சைக்கிள் மிதிச்சுட்டு வந்தாருங்க. நான் அன்னைக்கி வாங்குனதத் திருப்பிக் குடுத்துட்டேன், இருந்தாலும் போன வருசம் ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தேன். அதக் கழட்டிக் குடுங்கன்னு நிக்கறாரு. நல்லாத்தான ஓடுதுங்கன்னு சொன்னேன். இல்லீங்க, சாமான் செரியில்லாததாட்டம் இருக்குது, என்னால ஒருத்தரு பொழப்பு போச்சு, இன்னொருத்தருக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. என்னத்தச் சொல்றது? கழட்டிக் குடுத்தேன். இப்ப வேற போட்டிருக்கறேன், அது ஒண்ணுஞ் செரியில்லீங்க. அதுதான் நல்லா இருந்துது."

"போன வருசம் வாங்குனதா? சிவப்புப் பெட்டியா?"

"சிவப்புப் பெட்டியேதானுங்க. மழை, பனி ஒண்ணுக்கும் நின்னதில்லீங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் லிங்கசாமி வாத்தியாரின் பாடத்தை நினைத்துக்கொண்டே வந்தான். ஒரு தடவைக்கு ஒரு சாமான். பேட்டரி, பிளக், கண்டென்சர், காயில், பாயிண்ட். ஒன்றையும் விடவில்லை. துணியை மட்டும் அவன் சாமான் கணக்கில் சேர்க்கவே இல்லை. துணி காரில் இருப்பதில்லையே.

வீட்டில் முன்பு கழற்றி வைத்த இரண்டு பாயிண்டுகள் இருந்தன. இரண்டையும் உப்புத்தாளில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினான். ஒன்றை வெள்ளைத் துண்டால் நன்றாகத் துடைத்து, அந்தத் துண்டின் மேலேயே வைத்தான். மற்றதைத் துடைக்காமல் வெறும் ஓட்டுச் சில்லின் மேல் வைத்தான். இரண்டையும் பனி படுகிற மாதிரி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் பார்த்தபோது, துடைக்காதது துடைக்காத மாதிரியே இருந்தது. துடைத்ததன் மேல் சாம்பல் பூத்திருந்தது. துணியைத் தொட்டான். கொடியில் கிடந்த வேறு எந்தத் துணியும் அவ்வளவு ஈரமாக இல்லை. பனியை அதுவே கூப்பிட்டு வைத்துக்கொண்ட மாதிரி பிசுபிசுத்தது. தினமும் தவறாமல், ஒழுங்காக, ஒரு நாள்கூட விடாமல் அவன் கையாலேயே அதைத் தேய்த்து வைத்திருக்கிறான்.

ராமாத்தாள் பட்டறைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அவன் காரை எடுக்கவில்லை. நடந்தே ஊத்துக்குளி ரோட்டுக்குப் போனான்.

கடை திறந்திருந்தது. சிவப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டு வெறுமையாக இருந்தது. மற்றத் தட்டுகளிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறுமுகசாமி சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே" என்றார், கையை நிறுத்தாமல். "புள்ளைக்குக் காது ஆறிப் போச்சுங்களா?"

"ஒண்ணு ஆறிப் போச்சுங்க. ஒண்ணு இன்னும் சித்த சீழ் வெச்சுட்டிருக்குதுங்க."

"வேப்பெண்ணெய் போடச் சொல்லுங்க."

லிங்கசாமி நின்றுகொண்டே சொன்னான். "மச்சான், சாமான்ல ஒரு குத்தமும் இல்லீங்க. நல்ல சாமானுங்க. வெள்ளகோவில்ல போயித்தான் தெரிஞ்சுது. கோளாறு என்ற கையிலதானுங்க. நான் தொடச்சு வெச்ச லட்சணந்தானுங்க. உங்களச் சொன்னதெல்லாம் தப்புங்க."

ஒட்டுப் போடுகிற கை நின்றது. ஆறுமுகசாமி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்திலேயே போயிற்று.

"நெசமாலுமே நல்ல சாமானா?"

"நெசமாலுமேங்க."

"மணியன் சொன்னாரு. சின்னச்சாமிபாளையத்துல ஒருத்தரு சொன்னாரு. நல்லாத்தான ஓடுதுன்னு எல்லாருஞ் சொன்னாங்க மாப்ளே. நாந்தான் கேக்கல. உங்க சொல்லுதான் காதுல நின்னுது." அவர் வெறுந்தட்டைப் பார்த்தார். "அத்தனையும் பொறுக்கி, சாக்குல கட்டி, நொய்யல்ல எறிஞ்சு போட்டேன். திருப்பி அனுப்பிச்சா கம்பெனிக்காரன் வேற எவன் தலையிலயாச்சும் கட்டுவான்னு."

"நான் ஒவ்வொருத்தரு ஊட்டுக்கும் போயிச் சொல்லறேனுங்க. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலைன்னு."

"நீங்க சொன்னதுன்னா நீங்க போயித் திருப்பிக்கலாம் மாப்ளே. கோவத்துல சொன்னாருன்னு ஊரு உட்டுரும். இது நானே என் வாயால சொன்னது. வாசல் வாசலா நின்னு, என்ற சாமான் கெட்டதுன்னு நானே சொல்லிப்போட்டு வந்துட்டேன். இனி நல்லதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

ஆறுமுகசாமி டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

"ராமாத்தா நல்லா இருக்கறாளா?" என்று கேட்டார். "வேலைக்கிப் போறாளா?"

"போறாளுங்க."

"பவுடர்ல கையெல்லாம் வெடிக்கும். தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுங்க."

துணி என்ற சொல் லிங்கசாமியின் வாய் வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "போயிட்டு வாரனுங்க" என்றான்.

அவன் வீட்டுக்கு வரும்போது ராமாத்தாள் வந்துவிட்டிருந்தாள். பட்டறையில் தண்ணீர் வராததால் பாதியிலேயே அனுப்பிவிட்டார்களாம். பழனாத்தாள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு காதில் மஞ்சள் அப்பியபடி. ஜன்னல் கட்டையில் இருந்ததெல்லாம் இப்போது அவள் முன்னால் தரையில் இருந்தது. ஓட்டுச் சில்லின் மேல் ஒன்று, வெள்ளைத் துண்டின் மேல் ஒன்று.

"இது என்னுங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டிருந்தேன்."

அவள் அவனையும் பார்க்கவில்லை, பாயிண்டையும் பார்க்கவில்லை. துண்டை எடுத்து, அதன் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தாள். குழம்பில் உப்புத் தெரியாத நாக்கு அது. சுருக்கென்று இழுத்துக்கொண்டது. துணிக்கட்டிலிருந்து இன்னொரு துண்டை உருவி வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்று.

"அலசாத துணி" என்றாள். "விக்கப் போகாததுக்கு எவன் தண்ணி செலவழிப்பான். ஊறல்ல இருந்து எடுத்து அப்படியே காயப் போட்டிருக்கறான். பவுடர் போகாம நின்னு சாமான அரிச்சிருக்குது. எனக்குத் தெரிய வேண்டாமா? பொழுதன்னைக்கும் இதுதான என்ற வேலை? கொண்டாந்த துணிய ஒருக்கா நாக்குல வெச்சுப் பாத்தனா?"

"நீ என்ன பண்ணுவ, ராமாத்தா. நாந்தான் தொடச்சேன்."

"அண்ணங்கிட்டப் போனீங்களா?"

"போனேன். சாமான் மேல குத்தமில்லைன்னு சொல்லிட்டேன்."

"எதனாலன்னு சொன்னீங்க?"

"என்ற கைக் கோளாறுன்னு சொன்னேன். உன்ற துணின்னு சொல்லல."

அதைச் சொன்னால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தான்.

"அன்னைக்கி அவருகிட்டப் பொய்யச் சொல்லிக் கேவலப்படுத்துனீங்க. இன்னைக்கி மன்னாப்புக் கேக்கப் போயும் பாதியத்தான் சொல்லியிருக்கறீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "எங்கண்ணனுக்கு முழுசா ஒரு நெசத்தச் சொல்ல இந்த ஊட்டுல யாருமே இல்லீங்களா?"

குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வெள்ளைத் துண்டை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"இரு, கார்ல கொண்டு போயி உடறேன். வெயிலா இருக்குது, புள்ள வேற."

"வேண்டாமுங்க. அண்ணங்கிட்ட நடந்தே போறேன்."

படலைத் திறந்துகொண்டு போனாள். தோளில் கிடந்த பழனாத்தாள் விழித்துக்கொண்டு, பின்பக்கமாக அவனைப் பார்த்துக்கொண்டே போனாள். பச்சைக்கல் தோடு வெயிலில் மின்னியது. சாலைத் திருப்பத்தில் அதுவும் மறைந்தது.

லிங்கசாமி காருக்கு அருகில் போனான். என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கத்தின்படி ஹேண்டிலை எடுத்துச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு முனகல் இல்லாமல், சீராக, எங்கே போக வேண்டும் என்று கேட்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி நிறுத்தினான்.